வெந்நீர்க் குளம்

ஊட்டியில் ஓர் ஓட்டலின் வெந்நீர்க் குளத்தருகே துண்டு கொடுக்கும் வேலை நறுமுகைக்கு. பக்கத்துத் தகனமேடையிலிருந்து நானோ குழாய் கேபிள் ஒன்று சூட்டைத் துளியும் வீணாக்காமல் குளத்துக்குக் கொண்டுவந்தது. விளக்குகளுக்கான மின்சாரமும் அதிலேயே வந்தது.

அன்று காலை அவளுடைய அண்ணன் செழியனின் உடலை வீட்டிலிருந்து அதே தகனமேடைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். லீவு கிடைக்காததால் அவள் அழுத முகத்தோடு வேலைக்கு வந்திருந்தாள்.

கழுத்தளவுத் தண்ணீரில் கிடந்தவர்களில் ஒருவர் கத்தினார். "என்னய்யா, சூடே இல்ல?"

மேனேஜர் ஓடிவந்தார். "மன்னிச்சுக்கங்க சார். காலையில ஒரே ஒரு பாடிதான். அதுவும் நோயில கிடந்து இளைச்ச உடம்பாம். மத்தியானம் ரெண்டு வருது, நல்லா சூடாயிடும்."

நறுமுகை கையிலிருந்த துண்டுகளைக் கீழே வைத்தாள். "அது எங்க அண்ணன் சார்" என்றாள்.

"அடடா, சாரிம்மா" என்றார் குளத்திலிருந்தவர். ஆனால் வெளியே வரவில்லை. கேபிள் இறங்கும் மூலையில் கொஞ்சம் கூடுதல் சூடு இருந்தது. அங்கே நகர்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

அவள் குனிந்து அந்தத் தண்ணீரிலேயே வாந்தியெடுத்தாள். அதற்குத்தான் எல்லோரும் முகம் சுளித்து அவசரமாக வெளியே ஏறினார்கள்.