ஐந்துக்கு ஐந்து

பத்தொன்பது முறை. அத்தனை முறையும் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம்.

தூதரகத்தில் தன் மேசை முன்னால் உட்கார்ந்து அவள் திரையை மேலே தள்ளினாள். கீழே இறக்கினாள். மறுபடி எண்ணினாள். பத்தொன்பதுதான்.

கூட்டத்துக்கு இன்னும் இருபது நிமிடம். நாற்பது நாடுகளில் உள்ள நம் தூதரகங்கள் காணொளியில் வந்து உட்காரப் போகின்றன. அவர்களுக்கு முன்னால் தூதர் வாணியைக் காட்டப் போகிறார்.

வாணி ஆளல்ல. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களின் குறைகளைக் கைப்பேசியில் கேட்டு, எட்டு மொழிகளில் பதில் சொல்லும் ஏற்பாடு. சேலை கட்டிய படம் ஒன்று போட்டிருக்கிறார்கள். கோபம் வராது. விடுப்புக் கேட்காது.

காலையில் தூதர் இட்ட வேலை ஒன்றே ஒன்று. வாணியால் மிகவும் மகிழ்ந்துபோன ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடு, அவர் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

கண்டுபிடித்துவிட்டாள். ஜெசிந்தா. மணப்பாடு.

முதல் செய்தி பதினொரு நாளைக்கு முந்தையது.

"அக்கா, எங்க வீட்டுக்காரவிய கப்பல்ல ஒம்போது பேரு இருக்காவ. கம்பெனிக்காரன் கப்பலை ஒங்க ஊரு துறைமுகத்துலயே விட்டுட்டுப் போயிட்டான். கரையில எறங்க விட மாட்டேங்காவளாம். குடிக்கத் தண்ணி தீரப்போவுது."

வாணி நான்கே நொடியில் பதில் சொன்னது. உங்கள் குறை பதிவு செய்யப்பட்டது. எங்கள் சேவையை மதிப்பிடுங்கள்.

ஜெசிந்தா ஐந்து போட்டாள்.

போடாமல்? காரியம் ஆக வேண்டிய இடத்தில் யார் குறைத்துப் போடுவார்கள்? குமாஸ்தா எரிந்து விழுந்தாலும் மனுவும் கையுமாகச் சிரித்துக்கொண்டே நிற்கிறவர்கள் நாம். படித்துக்கொண்டிருந்தவளின் அம்மாவும் அப்படி நின்றிருக்கிறாள்.

ஆனால் ஐந்து விழுந்தால் குறை தீர்ந்தது என்று கணக்கு. மனு தானே மூடிக்கொள்ளும். எந்த அதிகாரியின் கண்ணிலும் படாது.

அந்த விதியை எழுதியவள் அவள்தான். பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

மூன்றாம் நாள்.

"ஏசியில வடியுத தண்ணியப் புடிச்சுக் குடிக்காவளாம் அக்கா."

ஐந்து.

ஏழாம் நாள்.

"ஒருத்தருக்கு வயித்தால போவுதாம். அடிக்கடி தொந்தரவு பண்ணுதேன், கோவிச்சுக்கிடாதீங்க."

ஐந்து.

இன்று காலை ஆறு மணி.

"அவிய போனு போவ மாட்டேங்கு அக்கா."

ஐந்து.

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். இந்த ஜன்னலிலிருந்து துறைமுகம் தெரியும். தினமும் காப்பியும் கையுமாக இங்கே நின்றுதான் வேடிக்கை பார்ப்பாள். அந்தக் கப்பலையும் பார்த்திருப்பாள்.

துறைமுக அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கேயும் வேறொரு பெயரில் ஒரு வாணிதான் எடுத்தது.

டிரைவருக்குச் செய்தி அனுப்பினாள். வண்டியை வாசலுக்குக் கொண்டு வாருங்கள்.

பிறகு, மூடிக்கிடந்த ஜெசிந்தாவின் மனுவை மீண்டும் திறந்து, அதற்கு வரும் பதில் தன் கைப்பேசிக்கு வரும்படி வைத்தாள்.

கூட்ட அறையில் பெரிய திரை. மேலிருந்து கீழ்வரை பச்சை வரிகள், தீர்ந்த மனுக்கள். நடுவில் ஒன்று மட்டும் சிவப்பு, ஜெசிந்தாவுடையது. தூதர் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

அவள் எழுந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒன்பது பேர், பதினொரு நாள், தண்ணீர் இல்லை. வாயைத் திறப்பதற்குள் கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது.

"அக்கா, மனுவத் திரும்பத் தொறந்திருக்குன்னு மெசேஜ் வந்துச்சு. நான் எதும் தப்பா எழுதிட்டனா? மன்னிச்சிக்கிடுங்க. இந்தா, அஞ்சு போட்டுட்டேன்."

திரையில் சிவப்பு பச்சையானது.

தூதரின் முகம் மலர்ந்தது. பார்த்தீர்களா, ஒரே நிமிடம் என்றார். நாற்பது கட்டங்களிலும் கை தட்டினார்கள். ஜெசிந்தா என்ற பெயரை அவர் அழகாகவே உச்சரித்தார்.

அவள் உட்காரவில்லை.

மேசையில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். மூடி திறக்காதது. தன் முன்னால் இருந்ததை எடுத்துப் பையில் போட்டாள்.

பக்கத்து நாற்காலிக்காரருடையதை எடுத்தாள். அவர் சிரித்தபடி விட்டுக்கொடுத்தார்.

அதற்கடுத்ததையும் எடுத்தாள். சிரிப்பு நின்றது.

மேசையைச் சுற்றி நடந்தாள். கைதட்டல் ஒவ்வொரு கட்டமாக ஓய்ந்தது. பை கனத்தது.

எட்டு.

ஒன்பதாவது, தூதரின் முன்னால் இருந்தது.