வளைவில் மினுக்கும் விளக்கு

'டிங்!' காய்ந்த சாலையில், அதே வளைவில், அவர் காரின் வழுக்கல் விளக்கு மினுக்கியது. எந்தச் சக்கரமும் வழுக்காமலேயே, வழுக்கலைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் எஞ்சினை அடக்கி, வேகத்தை நாற்பதுக்கு இறக்கியது.

போன மழைக்காலத்தில் இங்கே எண்பதில் வந்தார்.

"டயரு உங்க தலை மாதிரியே வழுக்கையாயிடுச்சு, மெதுவா போங்க" என்ற மனைவி, பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை வழக்கம்போல் மிதித்தாள்.

"எல்லாம் வண்டி பாத்துக்கும், நீ சும்மா வா."

மொட்டை டயருக்குத் தண்ணீரில் பிடிமானமே இல்லை. வண்டி எதைப் பார்த்துக்கொள்ளும்? அவர் மட்டும் பிழைத்தார்.

பழுது பார்த்த காரில் இப்போது டயர், மேட் எல்லாம் புதிது. தனியாகத்தான் ஓட்டுகிறார்.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் காரை முழுக்கச் சோதித்துவிட்டு வந்தார்.

"கோளாறு ஒண்ணுமில்ல சார். ஆனா பக்கத்து சீட்ல யாரு வர்றாங்க? புது மேட், குதிகால் பட்டு ஓட்டையே விழுந்திருக்கு!"