மூக்கில் அடித்த மருந்து

"உறிஞ்சாதீங்க ஐயா, சும்மா மூச்சு விடுங்க," என்றாள் நர்ஸ்.

கட்டைவிரல் பருமனில் ஒரு குப்பி. வலது மூக்கில் ஓர் அழுத்து, இடது மூக்கில் ஓர் அழுத்து. ஊசியே வேண்டாத இன்சுலினாம். எறும்பு கடித்த வலிகூட இல்லை.

அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. வலிக்காதது என்ன மருந்து?

நான் சோபா, மெத்தை தைத்துப் பிழைத்தவன். நாலாம் வகுப்போடு சரி. எந்தத் துணியையும் இழுத்துக் கிழித்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

"இதுல தண்ணியைத் தவிர வேற ஏதாவது இருக்கா?" என்று பக்கத்தில் நின்ற டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"மனசுல வெச்சுக்காதீங்க டாக்டர். நான் குடுக்கற காப்பியையே இவரு மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பாரு," என்றாள் என் மனைவி.

அவளுக்கும் சர்க்கரைதான். தினம் இரண்டு ஊசி, நான்தான் போட்டுவிடுவேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொள்வாள். தொடையில் குத்த இடம் பாக்கி இல்லை. இந்தச் சோதனை எனக்குப் பலித்தால் அடுத்த பட்டியலில் அவள் பெயர் என்று சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் இந்த ஆஸ்பத்திரிப் படியை மிதித்திருக்கவே மாட்டேன்.

மருந்தடிக்கும் முன் விரலில் குத்திப் பார்த்தபோது இருநூற்று முப்பது. அடித்தபின் இரண்டு துண்டு ரொட்டி கொடுத்தார்கள். வீட்டில் தினம் தின்கிற அதே அளவு.

அரைமணியில் நூற்றுத் தொண்ணூறு.

மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

ஒரு மணியில் நூற்று இருபது. டாக்டரம்மா அடுத்த அறைக்காரர்களைக் கூப்பிட்டார். நாலைந்து பேர் வந்து என் மூக்கையே பார்த்தார்கள். கல்யாணத்தன்றுகூட என் மூஞ்சியை யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

ஒன்றரை மணியில் எண்பத்தொன்று.

மனைவி எழுந்தே நின்றுவிட்டாள். கைப்பையிலிருந்த தன் ஊசி டப்பாவை எடுத்து என் மடியில் போட்டாள். "இந்தாங்க, இனிமே இதால மெத்தை தைங்க!"

சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது.

"ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கல," என்றாள் நர்ஸ்.

சந்தோஷந்தான். ஆனால் சந்தோஷத்துக்கு இப்படிப் பசிக்காது.

இரண்டாம் மணி. ஐம்பத்தெட்டு.

எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. "காலையில ஊசி போட வேண்டாம்னு சொன்னேனே? போடலைதானே?" என்றார் டாக்டரம்மா.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. முப்பத்தெட்டு வருடமாக என்னை அறிந்தவள்.

"முதல்ல சர்க்கரை குடும்மா. அப்புறம் எல்லாரும் திட்டுங்க," என்றேன்.

ஆமாம், போட்டுக்கொண்டுதான் வந்தேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வழக்கமான ஊசி, வழக்கமான அளவு. எவரோ தரும் தண்ணீரை நம்பி உயிரைப் பணயம் வைக்க நான் என்ன பைத்தியமா?

நர்ஸ் என் வாயில் குளுக்கோஸைக் கொட்டினாள். டாக்டரம்மா ஃபைலை மூடினார். "இதை எதுலயும் சேர்க்க முடியாது."

மனைவி என் மடியிலிருந்த டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அதைவிட அவள் அறைந்திருக்கலாம்.

நாக்கில் இனிப்பு இறங்க இறங்க எனக்கு மண்டை வேலை செய்தது. ஒரு குதி குதித்தேன். சட்டைப் பையிலிருந்த நோட்டை இழுத்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லும் எண்ணை நம்பாமல், வருடக்கணக்காக நானே குத்திப் பார்த்து எழுதும் நோட்டு.

"பாருங்கம்மா! அதே ஊசி, அதே ரொட்டி, அதே ரெண்டு மணி. நூத்து நாப்பது. நூத்து முப்பத்தாறு. நூத்து நாப்பத்திரெண்டு. ஒருநாளும் நூத்து முப்பதுக்குக் கீழ போனதே இல்ல!"

டாக்டரம்மா பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்றையும் புரட்டினார்.

"அப்ப மிச்சத்தை எது இறக்குச்சு?" என்று கேட்டேன்.

டாக்டரம்மாவின் கை மூடிய ஃபைலைத் தேடியது.

மனைவி பையைத் திறந்து, டப்பாவை எடுத்து, மறுபடி என் மடியில் வைத்தாள்.