எந்த மாமா?

திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகுதான் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார்.

"என்ன மாமா, மறுபடியும் படுத்துக்கிச்சா?"

"ஆமாம்மா. போட்டோ ஒண்ணும் தெறக்கல."

அங்கே குக்கர் விசிலடித்தது. ஓர் ஆண்குரல், யாரு என்றது.

"மாமா."

"எந்த மாமா?"

"சேலத்து மாமா."

அவளுக்கு இப்போது ஓசூரில் ஒரு மாமா இருக்கிறார். மறுபடி வாழப்போன வீட்டு மாமனார். கணவன் கேட்டதும் நியாயம்தானே.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். மகன் போன பிறகு, பேசிப் பேசி அவளை மறுமணத்துக்குச் சம்மதிக்கவைத்தவர் இவர். அவளுக்கு அப்பா இல்லை. தட்டு மாற்றிக்கொண்டதும் இவரே. கை நடுங்கவில்லை என்று தெருவில் இன்னும் சொல்கிறார்கள்.

டிவி மேசைக்கு அடியில் அந்தக் கறுப்புப் பெட்டி. மகன் வைத்த சர்வர்.

"நம்ம வீட்டுப் படம் எதுக்குப்பா அடுத்தவன் மெஷின்ல கெடக்கணும்?" என்பான்.

பழனி மொட்டை, முதல் பைக், கல்யாணம், எல்லாம் அதற்குள். படங்கள் எங்கும் போய்விடவில்லை. எது எங்கே என்று எடுத்துக் கொடுக்கிற டேட்டாபேஸ்தான் நின்றுபோகிறது.

முதலில் நிறுத்துங்க, அப்புறம் எழுப்புங்க என்று சொல்லிக்கொடுத்தவளும் அவளே. ஒரு தடவை அவர் நிறுத்தியதோடு விட்டுவிட்டார். மறந்துதான் போனார், அந்த முதல் தடவை.

படம் தெரியவில்லை என்று கூப்பிடலாம். சும்மா எப்படிக் கூப்பிடுவது, இன்னொரு வீட்டுப் பெண்ணை?

"ஸ்டேட்டஸ் பாருங்க மாமா. என்ன காட்டுது?"

"இனாக்டிவ்னு போட்டிருக்கு."

பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், இன்னொரு சொல் உண்டு. டெட்.

அதை அவர் வாய்விட்டுப் படித்ததே இல்லை. அவளும் கேட்டதில்லை.

இன்று அவள் அடுத்த கட்டளைக்குப் போகவில்லை.

"தானா விழுந்திருந்தா ஃபெயில்டுன்னு வரும் மாமா. யாராச்சும் நிறுத்தினாத்தான் இனாக்டிவ்."



"பூனை கீனை மிதிச்சிருக்கும்மா."

"நம்ம வீட்டுல ஏது மாமா பூனை?"

நம்ம வீட்டுல, என்றாள். தெரிந்து சொன்னாளோ, வாயில் வந்துவிட்டதோ.

"ஸ்டார்ட் குடுங்க. வர்ற ஞாயித்துக்கெழம நானே கூப்பிடுறேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

ஞாயிறு வந்தது.

அவர் பெட்டியைத் தொடவில்லை. ஸ்டேட்டஸ் பச்சையாக நின்றது. படங்கள் எல்லாம் கேட்டவுடன் திறந்தன. மொட்டைத் தலையோடு மகன் சிரித்தான். பார்க்க இவர் ஒருத்தர்.

சமைத்தார். சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

போன் மேசைமேல் கிடந்தது.

மறந்திருப்பாள். மறக்கட்டும். அதற்குத்தானே அனுப்பிவைத்தது.

வெயில் ஜன்னலைத் தாண்டிப் போயிற்று.

அவர் கீபோர்டை இழுத்து, நிறுத்தும் கட்டளையை அடித்தார். என்டர் தட்டவில்லை. விரல் அதன்மேலேயே இருந்தது.

போன் அடித்தது.

அவள் எண்தான். குரல் அவளுடையது இல்லை.

"மாமா, நான் நவநீதன் பேசறேன். அவளுக்குக் காய்ச்சலுங்க, இப்பத்தான் கண்ணசந்தா. சேலத்துக்குக் கூப்பிடணும், கூப்பிடணும்னு காலையிலேருந்து ஒரே பொலம்பல். மெஷின் ஓடுதுங்களா?"

மாமா.

பெண்ணைக் கொடுத்தவரையும் அந்தச் சொல்லால்தான் கூப்பிடுகிறோம், பாருங்கள்.

அவர் அடித்துவைத்திருந்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

"ஓடுது" என்றார்.

போனை வைக்க மனம் வரவில்லை. ஒரு சொல் மிச்சம் இருந்தது. ஒற்றைப் பிள்ளை வீடு இது, அதுவும் ஆண்பிள்ளை. அந்தச் சொல்லுக்கு இங்கே வேலையே இருந்ததில்லை.

"நல்லா ஓடுதுங்க, மாப்பிள்ளை."