ஆறு மணிக்குள் இருபது பேர்

லிஃப்ட் ஐந்தேகாலுக்கே சரியாகிவிட்டது. மெக்கானிக் அதை யாரிடமும் சொல்லவில்லை.

எட்டு மாடிக்கு மேலே, மோட்டார் அறையில், கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு இலவசக் குலுக்கல். ஐந்து பேருக்கு ஒரு கைபேசி விளையாட்டு சும்மா கிடைக்கும். ஆனால் ஆறு மணிக்குள் இருபது பேராவது பெயர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குலுக்கலே ரத்து என்று குலுக்கலை நடத்தும் இணையதளம் கறாராகச் சொல்லியிருந்தது.

இதுவரை சேர்ந்தவர்கள் பதினொரு பேர்.

அதில் பத்துப் பேர் இவர் பிடித்துப் போட்டவர்கள். பதினோராவது ஆள் இவரே, 'மொட்டைமாடி' என்ற பெயரில். மற்றபடி ஒரு ஈ காக்கைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ரத்தாகக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. காலையிலிருந்து இதே வேலையாக இருந்தார்.

சித்தப்பாவைக் கூப்பிட்டார். பெயரைக் கொடுத்ததும் வங்கிக் கணக்கைத் துடைத்து வழித்துவிடுவார்கள் என்று சித்தப்பா பயந்தார். கார்டு நம்பரும் பாஸ்வேர்டும் கேட்கிறவன்தான் திருடன், இவர்கள் ஏதாவது ஒரு புனைபெயரும் மின்னஞ்சலும் மட்டும்தான் கேட்கிறார்கள் என்று மெக்கானிக் பொறுமையாக விளக்கினார்.

பன்னிரண்டு.

உதிரி பாகக் கடைக்காரர், இந்த மாதிரிக் குலுக்கலில் ஜெயித்தவனை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா என்று கேட்டார். இருபது பேரில் ஐந்து பேருக்கு விழும், நாலில் ஒன்று, இதைவிடச் சுலபமாக உலகத்தில் என்ன கிடைக்கும் என்று மெக்கானிக் பதிலுக்கு மடக்கினார். கடைக்காரரைத் தன் பெயரோடு இரண்டு தம்பிகள் பெயரையும் கொடுக்க வைத்தார்.

பதினைந்து.

அக்காதான் குடைந்தாள்.

"ஏண்டா, ஆள் சேரச் சேர உனக்குக் கிடைக்கிற வாய்ப்பு குறையத்தானே செய்யும்? யாராவது ஊரையே கூட்டி வச்சுக்கிட்டுக் குலுக்கல்ல நிப்பாங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. மோட்டார் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தார். மோட்டார் ஓடவே இல்லை.

அக்கா திட்டிக்கொண்டேதான் சேர்ந்திருப்பாள். பதினாறு.

மணி ஐந்து நாற்பது. கைபேசியில் இருந்த பெயர்கள் தீர்ந்துபோயின. மிச்சம் இருந்தவர்கள் எல்லாம் இவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

படிகளில் தடதடவென்று இறங்கினார். கீழே லிஃப்ட் வாசலில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். ஐந்தாம் மாடிப் பல் டாக்டர், மூட்டு வலிக்காரர் ஒருவர், புதிதாகக் கல்யாணமான ஜோடி, பெரிய தர்பூசணியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருந்த கணக்கு டீச்சர்.

ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி இருப்பதாக மெக்கானிக் சொன்னார். அது என்ன வேலை என்பதையும் சொன்னார்.

பல் டாக்டர் முறைத்தார். இதற்கும் லிஃப்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தவர், மாடிப்படியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கைபேசியை எடுத்தார். டீச்சர் தர்பூசணியைப் பல் டாக்டர் கையில் திணித்துவிட்டு மளமளவென்று தட்டினார்.

ஐந்து ஐம்பத்தேழுக்கு இருபத்தொன்று.

பதினாறு வருடத் தொழிலில் அவர் இப்படி ஒரு கூத்தை அடித்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூச்சு சீராக வந்தது. மறுபடி எட்டு மாடி ஏறி சுவிட்சைப் போட்டார்.

ஆறு ஐந்துக்கு மின்னஞ்சல் வந்தது. 'மொட்டைமாடி' ஜெயித்துவிட்டது.

அவர் அதை எதிர்பார்க்கவே இல்லை. விளையாட்டைத் திறக்க ஒரு குறியீட்டு எண் இருந்தது. அதற்குக் கீழே, விளையாட்டை உருவாக்கியவரின் கடிதம்.

'அன்புள்ள மொட்டைமாடி அவர்களுக்கு,

மூன்று வருடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைச் செய்தேன். இன்றைக்கு இருபது பேர் சேராவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவது என்று இருந்தேன். முன்பின் தெரியாத இருபத்தொரு பேர் வந்திருக்கிறீர்கள். என் வீட்டுக்காரரிடம் சொன்னால் நம்பமாட்டார்.

அவர் நல்ல மனுஷர்தான். லிஃப்ட் மெக்கானிக். ஆனால் இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட இதை விளையாடிப் பார்க்கவில்லை. இதெல்லாம் எனக்குப் புரியாது என்று நழுவிவிடுவார். நீங்களாவது விளையாடிவிட்டு, எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.'

மெக்கானிக் இரண்டு தடவை படித்தார். காது மடல் சுட்டது.

ஊரையெல்லாம் வரிசையில் நிறுத்தியவர், வாளியில் சரியாக உட்கார்ந்துகொண்டு, முதல் முறையாக அந்த விளையாட்டைத் திறந்தார்.

திரை இருட்டாக இருந்தது. இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன ஒரு லிஃப்ட். உள்ளே ஒரு பெண். மேலே டார்ச் வெளிச்சத்தோடு ஒரு ஆள் எட்டிப் பார்த்தான். அவன் தலைக்கு மேல் எழுத்துகள் வந்தன.

"பயப்படாதீங்க. நான் மேலதான் இருக்கேன். உங்களை விட்டுட்டுப் போகமாட்டேன்."

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணிடம் அவர் சொன்ன வார்த்தைகள் அவை. கதவு திறந்ததும் அவள் இவரைத் திட்டித் தீர்த்தாள். மறு வருடம் இவரையே கல்யாணம் செய்துகொண்டாள்.

அவர் மறந்தே போயிருந்தார்.