நாலு மணிக்கு பிரஸ் மீட்

“மூஞ்சியைக் கொஞ்சம் சோகமா வெச்சுக்கங்க சார்” என்றாள் சரிதா.

முட்டைப் பவுடர் ஆலையின் முதலாளி சிவபிரகாஷ், கண்ணாடியைப் பார்த்து வாயோரத்தைக் கீழே இழுத்துக்கொண்டார். “இப்படியா அம்மிணி? பல்லு வலி வந்தவனாட்ட இருக்குது.”

“பரவாயில்லீங்க. துக்கத்துக்கும் அதே மூஞ்சிதானுங்க.”

மூன்று நாளாக நாமக்கல் முழுக்க இதே பேச்சு. ஆலையின் குளிர் அறையில் அம்மோனியா கசிந்து, ஆபரேட்டர் தங்கமுத்து ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். நாலு மணிக்குப் பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்கும் அறிக்கையில் முதலாளி ஒரு வரி சேர்க்கச் சொன்னார். தங்கமுத்து குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று.

அந்த வரி அச்சில் ஏறினால் வழக்கு அவன் மேல் திரும்பும். “அதை மட்டும் என்னால எழுத முடியாதுங்க” என்று சரிதா காலையில் சொன்னாள். “அப்ப நாளையிலிருந்து வேற வேலை பாத்துக்க” என்றார் அவர்.

மதியம் அவளே திரும்பி வந்தாள். “நாலு மணிக்கு முன்னாடி ஒருக்கா பேசிப் பாத்துரலாமுங்க சார்” என்றாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று அவருக்குத் திருப்தி.

அவள் அறைக் கதவில் ‘மக்கள் தொடர்பு அலுவலர்’ என்று எழுதியிருந்தது. ஆறு வருடமாக அவள் பார்த்த வேலை என்னவோ, ஒரு நிருபர்கூட முதலாளியின் எதிரே வந்துவிடாமல் காப்பதுதான். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி, கெட்ட செய்தி என்றால் “உள் பக்கத்துல சின்னதாப் போட்டுக்கங்கண்ணா” என்று ஒரு போன்.

மீட்டிங் ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் செல்போன்கள் வரிசையாக இருந்தன.

“இவங்கெல்லாம் யாரு? பேசிப் பாக்கறதுக்கு நம்ம பேக்கிங் ஆளுகளா?” என்றார் முதலாளி.

சரிதா மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள். “மொதல்ல நடந்ததை நடந்தபடியே சொல்லிருங்க சார். அப்பறம்தான் மத்ததெல்லாம்.”

“அதுவுஞ் சரிதான். நம்ம சோத்தைத் திங்கறவனுக, வெளிய மூச்சு உட மாட்டானுக.”

முன்வரிசையில் இருந்த கட்டம்போட்ட சட்டைக்காரர் எழுந்தார். “சார், உங்க இனிஷியல் என்னங்க?”

“ஆர்.” முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லா நடிக்கிறயப்பா. கேளு.”

“தங்கமுத்து அன்னிக்குக் குடிச்சிருந்தாருங்களா?”

“அவன் எங்க குடிச்சான். டீயே குடிக்க மாட்டான்.”

“பொறகு எப்படிங்க கசிஞ்சுது?”

“வால்வு போயி ஒரு மாசமாச்சு. மிஷினை நிறுத்தி மாத்தோணும்னு அவனும் சொல்லிட்டேதான் இருந்தான். ஏற்றுமதி லோடு நிக்குது, ஒட்டுப்போட்டு ஓட்டுடான்னு நாந்தான் சொன்னேன்.”

“அதை ஏனுங்க மொதல்லயே சொல்லலை?”

“சொன்னா ஆலையைப் பூட்டிருவாங்க. ஆபரேட்டர் ஒருத்தன் போனா இன்னொருத்தன் கெடைப்பான்.”

பின்வரிசையில் இருந்த ஒரு பெண், “அந்த வால்வு விஷயத்தை இன்னொருக்கா சொல்லுங்க சார்” என்றாள். அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார்.

பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “போதுமா அம்மிணி? இனி இதை எப்படிப் பூசி மொழுகறதுன்னு நீ சொல்லு. நாலு மணிக்கு அந்தப் பத்திரிகைக்காரனுக வந்துருவானுக. இவங்களைப் போயி வேலையைப் பாக்கச் சொல்லு.”

சொல்வதற்கு முன்பே அவர்கள் எழுந்துவிட்டார்கள். செல்போன்களை எடுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்தபடி வாசலுக்கு விரைந்தார்கள்.

சரிதா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

“நாலு மணிக்கு யாரும் வர மாட்டாங்க சார். நம்ம ஆளுக ஒருத்தரைக்கூட உங்களுக்கு அடையாளம் தெரியாதுங்களா? இப்பப் போறவங்கதான் பத்திரிகைக்காரங்க.”