கேப் டவுன் தாலாட்டு

"இது தமிழே இல்லை" என்று டேப்ரெக்கார்டரை நிறுத்தினார் பாலேந்திரா.

லண்டன் எட்மண்டனில் அவருடைய மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் அகதி விண்ணப்பக்காரர்கள். பிறப்புச் சான்றிதழும் ஹோம் ஆபீஸ் கடிதமுமாகவே அவர் காலம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்காரி கேசட்டோடு வந்து உட்கார்ந்தது, இந்த 1992இல்தான் முதல் தடவை.

மார்லீன் விடுவதாக இல்லை. அவள் கேப் டவுனில் பிறந்தவள். இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன், டச்சுக் கப்பலில் துணிப் பொதிகளோடு வந்திறங்கிய ஒரு நாகப்பட்டினத்துப் பெண்ணை அவளுடைய முன்னோர் விலைக்கு வாங்கினார்களாம். அடிமைதான்; ஆனால் வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் அவள்தான் வளர்த்தாளாம். தொட்டிலை ஆட்டிக்கொண்டு அவள் பாடியதை, அந்த வீட்டுப் பெண்கள் இன்றுவரை பொருள் தெரியாமலே பாடி வருகிறார்கள். வரும் ஞாயிறு மார்லீனின் பேத்திக்கு ஞானஸ்நானம். அட்டையில் பாட்டின் பொருளை அச்சடிக்க வேண்டும்.

"எங்கள் பிள்ளைகளை அவள் அவ்வளவு நேசித்தாள்" என்றாள் மார்லீன்.

பாலேந்திராவுக்கு மனம் இளகியது. மறுபடி போட்டுக் கேட்டார். கேசட்டில் மார்லீனின் தாய் நடுங்கும் குரலில் பாடினாள்: "எம்புல்லெ தாங்கா... எம்புல்லெ தாங்கா..."

"பிடிச்சிட்டன்" என்றார் பாலேந்திரா. நாகப்பட்டினத்தில் பிள்ளையைப் புள்ளை என்பார்கள். தங்கம் என்பது டச்சுக்கார வாயில் புகுந்து தாங்கா ஆகியிருக்கிறது. 'என் பிள்ளையே, என் தங்கமே.' தாலாட்டேதான்.

மார்லீன் கண்களைத் துடைத்துக்கொண்டாள். பாலேந்திராவுக்கோ, இத்தனை கடல் தாண்டியும் தமிழ் சாகவில்லையே என்று பெருமையாக இருந்தது. உடனே டைப் அடிக்கச் சொன்னார்.

டைப்பிஸ்ட் செல்வமலர், மூன்று பிள்ளைகளைத் தாலாட்டி வளர்த்தவள், டைப்ரைட்டரில் கை வைக்கவில்லை. எழுந்து வந்து, கேசட்டை மறுபடி ஓடவிட்டு, இரண்டு தரம் கேட்டாள்.

"என்ன பிள்ளை, பிழையோ?"

"தாலாட்டில கொஞ்சுவினம் அண்ணை, இவ கெஞ்சுறா" என்றாள் செல்வமலர், மார்லீனின் முகத்தைப் பார்க்காமல். "அது தங்கம் இல்லை. 'எம் புள்ளயத் தாங்க.' அந்த வீட்டுத் தொட்டிலை ஆட்டியாட்டி, தன்ர பிள்ளையைத் திருப்பிக் கேட்டிருக்கிறா."